விபத்து வரும் முன்னே பேர் பதிவு வேண்டும்

(மலையகத் தோட்டமொன்றில் நடைபெற்ற சுகாதாரக் கூட்டத்தில், கல்முனைக் கரையோரத்திலிருந்து வந்த முதலுதவித் தொண்டர்கள் நிகழ்த்திய உரை)

 

நாங்கள் கடலோரத்து ஆட்கள். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று கடற்கரையை ஒட்டிக் கிடக்கும் ஊர்களிலிருந்து வந்திருக்கிறோம். எங்களுக்குக் கடல், வயல், தறி, கடை. உங்களுக்கு மலை, கொழுந்து, ஃபெக்டரி. "இவங்க கடற்கரையில இருந்து வந்து நமக்கு என்னத்தச் சொல்லப் போறாங்க?" என்று பின்வரிசையில் ஒரு அம்மா கேட்டது எங்கள் காதிலும் விழுந்தது. நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாகவே இந்தப் பேச்சை வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் விபத்தில் காயப்பட்டவர்களைத் தூக்கி, முதலுதவி செய்து, வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்கள். தென்னையிலிருந்து விழுந்தவர், தோணி இழுக்கையில் கால் நசிந்தவர், மோட்டார் சைக்கிளில் மோதுண்டவர் என்று பலரையும் கண்டிருக்கிறோம். இந்த வேலையில் நாங்கள் கண்டறிந்த ஒரு விஷயத்தை உங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தோம்.

முதலில் ஒரு சம்பவம். ஆட்களின் பேர் வேண்டாம், ஆஸ்பத்திரியின் பேரும் வேண்டாம். எங்கள் பக்கத்துப் பிரதான வீதியில் ஒருநாள் மாலை ஒரு முச்சக்கர வண்டியும் மோட்டார் சைக்கிளும் மோதிக்கொண்டன. இரண்டு பேருக்குத் தொடை எலும்பு முறிவு. ஒருவர் பாடசாலை ஆசிரியர். மற்றவர் மேசன், நாட்கூலி. இரண்டு பேரையும் ஒரே அரசாங்க வைத்தியசாலைக்குத்தான் கொண்டுபோனோம். அங்கே ஒருத்தரும் "காசு இருக்கா, காப்புறுதி இருக்கா?" என்று கேட்கவில்லை. ஒரே வார்ட்டு, பக்கத்துப் பக்கத்துக் கட்டில், ஒரே டொக்டர். இரண்டு பேருக்கும் ஒரே கவனிப்பு.

ஆறு மாதம் கழிந்தது. ஆசிரியர் நடந்து பள்ளிக்கூடம் போனார். மேசன் ஊன்றுகோலோடு திண்ணையில் இருந்தார்.

என்ன நடந்தது? ஆசிரியருக்கு லீவு இருந்தது, சம்பளம் நிற்கவில்லை. வெளியே எடுக்க வேண்டியிருந்த பரிசோதனைகளை உடனே எடுத்தார். செலவில் ஒரு பங்கை அரச ஊழியருக்கான 'அக்ரஹார' காப்புறுதியில் திரும்பப் பெற்றார். கிளினிக் திகதி ஒன்றையும் தவறவிடவில்லை. மேசனுக்கோ விழுந்த நாளோடு வருமானம் நின்றது. மனைவி காதில் கிடந்ததைக் கழற்றி அடகு வைத்தார். இரண்டாம் கிழமையே, "வீட்டுல புள்ளையள் பட்டினி, நான் இஞ்ச படுத்துக் கிடந்து என்ன செய்ற?" என்று சொல்லி, டொக்டர் போகச் சொல்லுமுன்னே வீட்டுக்கு வந்துவிட்டார். காயம் பழுத்தது. கிளினிக்குப் போகும் நாளெல்லாம் ஆட்டோக் கூலிக்குக் காசில்லாமல் விட்டுப்போனது. கடைசியில் கால் கட்டையாகிப் போயிற்று.

சகோதரர்களே, இங்கே வைத்தியசாலை ஆளைப் பார்த்து வைத்தியம் செய்யவில்லை. வாசலில் இரண்டு பேரும் சமம்தான். வித்தியாசம் வந்தது வாசலுக்கு அப்பால். ஒருவருடைய பேர் ஒரு பதிவில் இருந்தது. மற்றவருடைய பேர் எந்தப் பதிவிலும் இல்லை. நாங்கள் சொல்ல வந்த விஷயம் இதுதான்.

வெளிநாடுகளில் இந்த வித்தியாசம் வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. அமெரிக்காவில் 2008 ஆம் ஆண்டில் ஒரு ஆய்வு வெளிவந்தது. விபத்திலும் வன்முறையிலும் காயப்பட்ட நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விபரங்களை வைத்தியர்கள் ஆராய்ந்தார்கள். வயதையும் காயத்தின் கடுமையையும் கணக்கில் எடுத்துப் பார்த்தபோதும், காப்புறுதி இல்லாதவர்கள் இறந்துபோகும் அபாயம் காப்புறுதி உள்ளவர்களைவிட ஏறக்குறைய 50 சதவீதம் அதிகமாக இருந்தது. அந்த நாட்டில் அவசர நோயாளியைக் காசில்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது என்று 1986 லேயே சட்டம் வந்துவிட்டது. அப்படியிருந்தும் இந்த நிலை. சட்டம் கதவைத் திறந்தது. உள்ளே போனபின் நடப்பது வேறாக இருந்தது.

பக்கத்து நாடான இந்தியாவைப் பாருங்கள். பொலிஸ் வரட்டும், பேப்பர் வரட்டும் என்று காத்திராமல், விபத்தில் சிக்கியவருக்கு வைத்தியர் முதலில் உயிர்காக்கும் சிகிச்சை அளிக்க வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1989 இல் தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாட்டு அரசாங்கம் 2021 டிசம்பரில் 'நம்மைக் காக்கும் 48' என்றொரு திட்டத்தைத் தொடங்கியது. வீதி விபத்தில் காயப்பட்டவர் யாராக இருந்தாலும், எந்த ஊராக இருந்தாலும், காப்புறுதி அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஒரு வரம்புக்குள் அரசாங்கமே ஏற்கிறது. தனியார் ஆஸ்பத்திரியும் அதில் சேர்ந்திருக்கிறது. காசுக்காக அந்த முதல் நேரம் வீணாகிவிடக் கூடாது என்பதுதான் நோக்கம்.

நம்முடைய நாட்டில் அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். இது நம் முன்னோர் காலத்திலிருந்து வந்த பெரும் பேறு. அதை நாம் சிறிதாக நினைக்கக் கூடாது. ஆனால் இலவசம் என்பதால் எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கிறது என்று சொல்லிவிடவும் முடியாது. நம்மிடம் இரண்டு குறைகள் இருக்கின்றன. ஒன்று தூரம். மற்றது, வீடு வந்தபின் வரும் செலவு.

தூரத்தை எடுத்துக்கொள்வோம். கல்முனையில் இரண்டு ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை ஒன்று, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை மற்றது. ஆனால் தலையில் பலத்த அடிபட்டவருக்கு மூளை அறுவைச் சிகிச்சை செய்யும் வசதி எல்லா ஆதார வைத்தியசாலையிலும் இராது. அதற்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை எங்களுக்கு ஏறக்குறைய 40 கிலோமீற்றர். பொத்துவிலில் அடிபட்டவருக்குக் கல்முனையே ஏறக்குறைய 70 கிலோமீற்றர். கொழும்பு என்றால் 300 கிலோமீற்றருக்கும் மேல். உங்களுக்குக் கிலோமீற்றர் குறைவாக இருக்கலாம். ஆனால் மேல்மலை டிவிசனிலிருந்து பிரதான வீதிக்கு வரும் அந்தக் கல்லுப் பாதையில் லொறி இறங்கி வருவதற்குள், கடற்கரையில் நாங்கள் எவ்வளவோ தூரம் போய்விடுவோம். தூரத்தை நேரத்தால் அளந்து பார்த்தால் உங்கள் நிலைமை எங்களைவிட மோசம்.

டிக்கோயாவில் இந்திய உதவியோடு கட்டிய 150 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலை 2017 மே மாதம் திறக்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் ஆஸ்பத்திரி எவ்வளவு பெரிதானாலும் ஆள் உயிரோடு அங்கே போய்ச் சேர வேண்டும். 2023 ஜனவரியில் நானுஓயாவில் நடந்த விபத்தில் ஏழு பேர் மாண்டார்கள். 2025 மே மாதம் கொத்மலை கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்தச் செய்திகளைக் கேட்டு நாங்கள் கடற்கரையில் இருந்து கலங்கினோம். அந்தக் கலக்கம் எங்களுக்குப் புதிதல்ல. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமியில் இந்த நாட்டிலேயே அதிகமான உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம். 2019 ஏப்ரல் 26 ஆம் திகதி சாய்ந்தமருதில் குண்டு வெடித்துச் சிறுவர்கள் உட்படப் பதினைந்து பேர் மாண்டார்கள். அப்படியான நேரத்தில் முதலில் கைகொடுப்பவர் பக்கத்து வீட்டுக்காரர்தான். அவருக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே முதலுதவி பற்றிச் சில வார்த்தைகள். அடிபட்டவரைக் கண்டதும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். கழுத்தும் முதுகும் வளையாமல், பலகை கொடுத்து, நாலு பேர் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். இரத்தம் ஓடினால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடியுங்கள். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வையுங்கள். கவ்வாத்துக் கத்தியோ கம்பியோ குத்தி உள்ளே நின்றால் அதைப் பிடுங்காதீர்கள். "பாவம், தொண்டை காயும்" என்று தண்ணீரோ தேத்தண்ணியோ கொடுக்காதீர்கள். அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால் அதுவே வினையாகிவிடும்.

அடுத்தது 1990. இந்த இலக்கத்துக்கு எந்தத் தொலைபேசியிலிருந்தும் எடுக்கலாம். 'சுவசெரிய' அம்புலன்ஸ் வரும். காசு வாங்க மாட்டார்கள். 2016 இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் இந்தியாவின் நன்கொடையோடு தொடங்கிப் பின்னர் நாடு முழுவதற்கும் விரிந்த சேவை இது. தமிழில் பேசலாம். பேசும்போது தோட்டத்தின் பேர், டிவிசனின் பேர், பக்கத்துக் கோயிலோ பாடசாலையோ எது என்று நிதானமாகச் சொல்லுங்கள். அதே நேரத்தில் ஒரு பிள்ளையைப் பிரதான வீதிச் சந்திக்கு அனுப்பி நிற்க வையுங்கள். அம்புலன்ஸ் வழி தெரியாமல் சுற்றினால் அந்த நேரமும் காயப்பட்டவருடைய கணக்கில்தான் கழியும்.

இனி, இரண்டாவது குறைக்கு வருவோம். வீடு வந்தபின் வரும் செலவு. இதற்குத்தான் காப்புறுதி.

எங்கள் ஊர்களில் காப்புறுதி இல்லாத வீடுதான் அதிகம். காரணம் கேட்டால் மூன்று பதில் வரும். "மாசா மாசம் கட்டுறதுக்கு எங்களுக்கு மாசச் சம்பளமா?" என்பது ஒன்று. கடல் தந்தால் உண்டு, தராவிட்டால் இல்லை. "கட்டினா மட்டும் தருவானா?" என்பது இரண்டாவது. மூன்றாவது மார்க்கக் காரணம். வட்டியும் நிச்சயமின்மையும் கலந்திருப்பதால் சாதாரணக் காப்புறுதி கூடாது என்று பலர் ஒதுங்கியிருந்தார்கள். அதற்கு மாற்றாக, எல்லோரும் ஒரு பொது நிதியில் போட்டு, கஷ்டப்பட்டவருக்கு அதிலிருந்து கொடுக்கும் 'தகாபுல்' என்ற முறை இருக்கிறது. 1999 இல் இலங்கையிலும் அந்த முறையில் ஒரு நிறுவனம் தொடங்கியது. கடைக்காரர்கள், வாகனம் வைத்திருப்பவர்கள் அதில் சேர்ந்தார்கள். ஆனால் மேசனும் தோணிக்காரரும் அங்கேயும் குறைவுதான். கட்டுவதற்குக் கையில் காசு வேண்டுமே!

அப்படியானால் எங்கள் ஏழைகள் எதை நம்பியிருக்கிறார்கள்? பள்ளிவாசலை, ஸகாத்தை, அயலவரை. ஜும்ஆ முடிந்ததும் வாசலில் துண்டை விரித்து வைத்தால் விழும் காசை நம்பியிருக்கிறார்கள். உங்களிடம் மரண உதவிச் சங்கம் இருக்கிறது. கோயில் பணம், சீட்டுப் பணம் இருக்கிறது. இவை நல்ல பழக்கங்கள், விட்டுவிடாதீர்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். செத்தவருக்கு நாம் கூடிக் காசு சேர்க்கிறோம். விழுந்து ஆறு மாதம் கட்டிலில் கிடப்பவருக்கு முதற் கிழமை சேர்க்கிறோம், பிறகு மறந்துவிடுகிறோம். மேசன் வீட்டிலும் அதுதான் நடந்தது. அதில் எங்களுக்கும் பங்குண்டு. அந்த வெட்கத்தோடுதான் இதைச் சொல்கிறோம். உங்கள் மரண உதவிச் சங்கத்தில் 'காய உதவி' என்று இன்னொரு கணக்கைத் திறந்தால் என்ன? ஆளுக்கு மாதம் ஒரு சிறு தொகை போதும். கிளினிக் போகும் நாளில் வாகனக் கூலியாவது கிடைக்குமே!

இப்போது உங்களுடைய பலத்தைச் சொல்கிறோம். எங்கள் மேசனுக்கு இல்லாத ஒன்று உங்களில் பலருக்கு இருக்கிறது. அதுதான் பேர் பதிவு. செக்ரோலில் உங்கள் பேர் இருந்தால், பணியிடத்தில் விபத்து நேர்ந்தபோது கேட்பதற்கு உங்களுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் அது. 2022 இல் அதைத் திருத்தினார்கள். நட்டஈட்டின் உச்சத் தொகையை ஐந்தரை இலட்சத்திலிருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தினார்கள். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் வேலையிலிருந்து வீடு திரும்பும் வழியிலும் நேரும் விபத்தும் அதற்குள் வந்தது. மலையில் வழுக்கி விழுந்தாலும், ஃபெக்டரி மெசினில் கை மாட்டினாலும், கொழுந்து எடுக்கையில் குளவி கொட்டினாலும், "அது எங்க தலைவிதிங்க" என்று சொல்லிவிட்டு லயத்துக்குப் போகாதீர்கள். அது தலைவிதியல்ல, தொழில் விபத்து.

ஊழியர் நம்பிக்கை நிதியத்தையும் மறவாதீர்கள். 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த ஈ.டி.எப். இது. சம்பளத்தில் நூற்றுக்கு மூன்று வீதத்தைத் தொழில் தருபவரே கட்டுகிறார். உங்கள் சம்பளத்தில் ஒரு சதமும் வெட்டுவதில்லை. வேலை விட்டபின் எடுக்கும் காசு என்றுதான் பலரும் இதை நினைக்கிறார்கள். இதிலே நிரந்தரமாக உடல் இயலாமற் போனவருக்கு உதவி, வைத்தியசாலையில் தங்கிய செலவுக்கு உதவி, கண் வில்லை, இருதய சத்திரசிகிச்சை ஆகியவற்றுக்கு உதவி என்று பல இருக்கின்றன. நிபந்தனைகள் உண்டு. கேட்பவருக்குத்தான் கிடைக்கும்.

இங்கேதான் எங்கள் பயத்தையும் சொல்ல வேண்டும். செக்ரோல் வேலையை விட்டுக் கைக்காசுக்கும் கொந்தராத்துக்கும் போகிறவர்கள் கூடிவருகிறார்கள் என்று கேள்விப்படுகிறோம். அன்றன்றைக்குக் கையில் காசு என்பது இனிப்பாகத்தான் இருக்கும். எங்கள் மேசனும் ஒவ்வொரு நாளும் பின்னேரம் கையில் காசு வாங்கியவர்தான். விழுந்த அன்றைக்கு அவருக்கு முதலாளி என்று ஒருவர் இல்லை. வீடு கட்டியவர், "நான் கொந்தராத்துக்காரனுக்குத்தானே குடுத்தேன்" என்றார். கொந்தராத்துக்காரர், "அவர் நாலு நாள்தானே வந்தார்" என்றார். ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் பேரை ஒருவரும் எழுதி வைத்திருக்கவில்லை. கைக்காசு வேலைக்குப் போவதா வேண்டாமா என்பது உங்கள் குடும்பத்துத் தீர்மானம். வயிறு இருக்கிறது, பிள்ளைகளின் படிப்பு இருக்கிறது. நாங்கள் அதில் தலையிட வரவில்லை. ஆனால் போகுமுன், "என் பேர் எங்கே எழுதப்படுகிறது? விழுந்தால் யார் பொறுப்பு? ஈ.பி.எப்., ஈ.டி.எப். உண்டா?" என்ற மூன்று கேள்வியையும் கேட்டுவிட்டுப் போங்கள். தொழிற்சங்கத் தலைவர்மாரையும் கேளுங்கள்.

கடைசியாக, வீட்டில் செய்ய வேண்டிய சில காரியங்கள்.

ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்துக் கொள்ளுங்கள். அடையாள அட்டைப் பிரதி, சம்பளச் சீட்டுகள், ஈ.பி.எப். இலக்கம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு அதில் வையுங்கள். விபத்து நடந்தால் அன்றைக்கே தோட்டக் காரியாலயத்தில் எழுதச் செய்யுங்கள். சாட்சி நின்ற இரண்டு பேரின் பேரையும் எழுதச் சொல்லுங்கள். வைத்தியசாலையில் தரும் நோய் விபரத் துண்டை உயிரைப் போலப் பாதுகாத்து வையுங்கள். அது இல்லாமல் எந்த நட்டஈடும் நகராது.

வீதி விபத்தென்றால் பொலிஸில் முறைப்பாடு அவசியம். வாகன இலக்கத்தைக் குறித்துக் கொள்ளுங்கள். வீதியில் ஓடும் ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். மூன்றாம் தரப்பு என்பது நீங்களும் நாங்களும்தான். நடந்து போனவர், பஸ்ஸில் இருந்தவர். மோதிவிட்டு ஓடிய வாகனம் எதுவென்று தெரியாவிட்டாலும், வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையிடம் நட்டஈடு கேட்க வழியிருக்கிறது. "ஐயாயிரம் தாறேன், பொலிஸுக்குப் போகாதே" என்பவரை நம்பி ஏமாறாதீர்கள். காயத்தின் முழுக் கணக்கும் முதல் நாளில் தெரியாது.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளை விழுந்தால் அதிபரிடம் 'சுரக்ஷா' காப்புறுதி பற்றிக் கேளுங்கள். 2017 இல் தொடங்கி, இடையில் தடைப்பட்டு, 2024 இல் மீண்டும் வந்தது. இந்த வருடம் என்ன விதி என்பதை அதிபர் சொல்வார். பெரிய சிகிச்சைச் செலவென்றால் ஜனாதிபதி நிதியம் இருக்கிறது. முன்பு அதற்குக் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பம் கொடுக்கலாம்.

பின்வரிசை அம்மாவுக்கு இப்போது பதில் சொல்கிறோம். நாங்கள் பெரிதாக ஒன்றும் கொண்டுவரவில்லை அம்மா. எங்கள் ஊர் மேசனுடைய கதையைத்தான் கொண்டுவந்தோம். அவருக்கு இந்த விபரங்களை விழுமுன்னே சொல்ல நாங்கள் தவறிவிட்டோம். அவரைத் தூக்கிக்கொண்டு ஓடிய கைகள் எங்களுடையவைதான். ஆனால் அதற்கு முதல் நாள் அவருடைய பேரை ஒரு கொப்பியிலாவது எழுதச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்றைக்கு அவரே எங்கள் பகுதிக் கூலித் தொழிலாளரின் பேர்களை ஒரு கொப்பியில் எழுதி வருகிறார். யாரிடம் வேலை, எத்தனை நாள், என்ன கூலி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுகிறார். இங்கே வரப்போகிறோம் என்றதும், "மலைநாட்டு ஆக்களுக்கும் சொல்லுங்க, பேரை எழுதி வெக்கச் சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டோம்.

இன்றிரவு லயத்துக்குப் போனதும் அந்த பிஸ்கட் டின்னைத் தேடி எடுங்கள்.